ஊசியும் எழுதுகோலே

நபி இத்ரீஸ் (அலை) அவர்களைக் குறித்து இமாம் தபரீ முதலான வரலாற்றாசிரியர்கள் எழுதும்போது இரண்டு செய்திகளை அடுத்தடுத்துச் சொல்வர். கலம் என்னும் எழுதுகோலைப் பிடித்து முதன்முதல் எழுதியவர் அவர் என்பது ஒன்று. துணியைத் தைத்து உடுத்தும் முறையை முதன்முதல் கைக்கொண்டவரும் அவரே என்பது மற்றொன்று. மதரஸாவில் ஓதிய நாள்களில் இவ்விரண்டையும் மனனம் செய்து ஒப்பித்தேனேயன்றி, எழுத்தும் தையலும் ஏன் ஒரே கைக்கு உரியனவாகச் சொல்லப்பட்டன என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு பாய்.

சென்ற ஆண்டு திருநின்றவூரில் எங்கள் உறவினர் இல்லத்தில் நடந்த நிக்காஹுக்குப் பத்தமடையிலிருந்து ஒரு பட்டுப்பாய் அன்பளிப்பாக வந்தது. மணமகன் பெயர், மணமகள் பெயர், மணநாள் மூன்றும் அதில் நெய்யப்பட்டிருந்தன. பெரியவர்கள் பாயைத் தடவிப் பார்த்து அதன் மென்மையை வியந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி மகள் இரு பெயர்களையும் எழுத்துக் கூட்டி வாசித்து முடித்து, "பெரியத்தா, இதை நெய்தவங்க பேரு எங்கே போட்டிருக்கு?" என்று கேட்டாள். பாயைப் புரட்டிப் பார்த்தேன். எங்கும் இல்லை.

குழந்தையின் அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். நம் பெண்களின் கைவேலையை நாம் அழகென்று பார்த்திருக்கிறோம்; பயனென்று கண்டிருக்கிறோம்; விலை பேசியும் இருக்கிறோம். எழுத்தாக அதை வாசித்ததில்லை. வாசிக்கத் தொடங்கினால் அதை எழுதியவர் யார் என்ற வினா தானே எழும்.

பாயை முதலில் வாசிப்போம். பத்தமடை, திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகே தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த ஊர். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, ஊறியதை மீண்டும் உலர்த்தி, நூல்போல் மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி அல்லது பட்டு நூல் பாவில் ஊடையாகச் செலுத்தி நெய்வார்கள். மிக நயமான பாயை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். துணியைப்போல் அதை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவை நம் லெப்பைக் குடும்பங்கள். உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. 1953-இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் சென்றதை அவ்வூரார் இன்றும் பெருமையுடன் சொல்வர். பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊரின் பெயரைச் சட்டமே காக்கிறது என்பது அதன் பொருள்.

திருமணப் பாயில் உள்ள வாசகம் மிகச் சிறியது. இரு பெயர்களும் ஒரு தேதியுமே அதில் உண்டு. ஆயினும் அதை நெய்வது எளிதன்று. நம் தமிழ் எழுத்து வளைவுகளால் ஆனது. ஓலையில் எழுத்தாணி நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். ஆகையால் எழுத்து வளைந்தது என்பர். நெசவிலோ வளைவுக்கு இடமில்லை. பாவும் ஊடையும் கட்டங்களையே தரும். வளைவைப் படிப்படியாக உடைத்துத்தான் காட்டவேண்டும். 'ழ'கரத்தின் வயிற்றையும் 'ஐ'காரத்தின் சுழியையும் கட்டங்களில் அடக்கிப் படிப்போர் பிழையின்றிப் படிக்கச் செய்பவள், எழுத்தின் வடிவத்தை உள்ளும் புறமும் அறிந்தவளாகவே இருக்கவேண்டும். அரபு எழுத்தின் கூஃபீ வடிவம் நேர்க்கோடும் மூலையுமாக அமைந்து நெசவுக்கு இசைந்து கொடுத்தது. அந்த வசதி தமிழுக்கு இல்லை. ஆகவே பத்தமடைப் பெண்ணின் வேலையைக் கைத்திறன் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது குறைவான மதிப்பீடாகும். அது எழுத்தறிவும் ஆகும்.

ஊசியாலும் இழையாலும் எழுதுவதை ஒரு கல்வியாகவே கொண்ட மக்கள் பிற நாடுகளிலும் இருந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற துணிகளை ஆங்கிலத்தில் சாம்ப்ளர் என்பர். நாம் பயில்துணி என்று சொல்லலாம். ஒரு முழத்துக்கும் குறைவான துணியில் தையல் பழகுகிறவள் எழுத்து வரிசையையும் எண்களையும் பூங்கோலங்களையும் தைத்துப் பழகுவாள். வீட்டுத் துணிகளில் உரியவரின் பெயரெழுத்தையும் வரிசை எண்ணையும் தைத்துக் குறியிடுவது அக்கால வழக்கம்; அதற்கு இது பயிற்சி. அச்சிட்ட மாதிரி நூல்கள் பரவாத காலத்தில், ஒரு கோலத்தை மறவாமல் வைத்துக்கொள்ளும் குறிப்பேடாகவும் இத்துணி பயன்பட்டது.

நம் வாசகர்கள் மகிழத்தக்க ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தில் தேதி பொறித்து இன்றுவரை எஞ்சியுள்ள பயில்துணிகளுள் மிகப் பழையது 1598-இல் ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கும் முற்பட்ட பயில்துணிகள் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்திலிருந்து கிடைத்துள்ளன. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். பிற்காலத்து ஐரோப்பியப் பெண்கள் பழகிய இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும் தையல் அவற்றிலேயே இருக்கிறது. கெய்ரோவின் வீடுகளில் முஸ்லிம் பெண்கள் ஊசி பழகிய துணிகளாகவும் இவற்றுள் சில இருக்கக்கூடும். 'இருக்கக்கூடும்' என்றுதான் என்னால் எழுத முடிகிறது. அத்துணிகளில் பெரும்பாலும் பெயர் இல்லை.

கலீஃபாக்களின் காலத்தில் திராஸ் என்னும் எழுத்துக்கரை நெய்த துணிகளிலும் இதே குறைதான். ஆட்சியாளரின் பெயர், அவருக்கான துஆ, சில வேளைகளில் அமைச்சர் பெயர், நெய்த இடம், ஆண்டு ஆகியவற்றை அக்கரையில் படிக்கலாம். நெய்த கையின் பெயரைக் காண்பது அரிது. பத்தமடைப் பாயில் அரசர் இருந்த இடத்தில் மணமக்கள் இருக்கிறார்கள். மற்றபடி வழக்கம் மாறவில்லை.

இவ்வழக்கத்துக்கு மாறாக நடந்தவர்கள் குவேக்கர் எனப்படும் கிறித்தவப் பிரிவினரின் பள்ளிச் சிறுமியர். குவேக்கர்களைப் பற்றி ஓரிரு சொற்கள் சொல்லவேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) தொடங்கி வைத்த இயக்கம் அது. ஆடையில் எளிமை, பேச்சில் எளிமை, மன்னர் எதிரிலும் தொப்பியைக் கழற்றாமை, ஆணையிட்டுச் சத்தியம் செய்ய மறுத்தல் ஆகியவை அவர்கள் கொள்கைகள். இவற்றுக்காகச் சிறைப்பட்டவர் பலர். அவர்களது வழிபாட்டுக் கூட்டத்தில் பெண்களும் எழுந்து பேசலாம். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா வட்டாரக் குவேக்கர் பேரவை, அடிமைகளை வைத்திருப்போரைத் தம் சபையிலிருந்து நீக்குவதென 1776-இல் முடிவு செய்தது.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் முயற்சியால் 1779-இல் ஆக்வொர்த் பள்ளி தொடங்கிற்று. வசதி குறைந்த குவேக்கர் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அமைந்த விடுதிப் பள்ளி அது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கப்பட்டன, அவற்றோடு ஊசியும். அப்பள்ளியில் உருவான பயில்துணிகளைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். எண்கோண வடிவிலான கோலங்கள் முழுதாகவும், ஓரங்களில் பாதியாகவும் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றினுள்ளும் இடையிடையேயும் எழுத்துகள் இருக்கும். எழுத்து வரிசை அலங்காரமில்லாத நேரிய வடிவில் அமையும். பிற பள்ளிகளின் துணிகளில் காணும் மாளிகையும் மலர்த்தோட்டமும் மேய்ப்பனும் ஆடும் இங்கே அருமை. கிழிந்த துணியை இழையோட்டி ஒட்டுத் தெரியாமல் செப்பனிடும் பயிற்சிக்கென்றே தனித் துணிகளும் உண்டு. நெசவின் போக்கை ஊசியால் மீண்டும் உண்டாக்கும் அவ்வேலையை நான் கோலங்களைவிட உயர்வாக மதிக்கிறேன். பாழானதைப் பயனுக்கு மீட்கும் கல்வி அது.

1799-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கிய வெஸ்ட்டவுன் பள்ளியிலும் இம்மரபு தொடர்ந்தது. அங்கே மற்றொரு புதுமையும் தோன்றியது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பள்ளிச் சிறுமியர் பட்டுத்துணியால் உருண்டை செய்து, அதன்மீது கண்டங்களின் எல்லைகளையும் அட்சரேகை தீர்க்கரேகைகளையும் தைத்து, பூகோளத்தையே உருவாக்கினார்கள். நிலநூலை ஊசியால் கற்ற பிள்ளைகள் அவர்கள்.

இனி இத்துணிகளின் நிறைகுறையைப் பார்ப்போம். இலக்கியம் என்ற வகையில் அளந்தால் இவை வறியவை. துணியில் வரும் அறவுரைகளும் பக்திச் செய்யுள்களும் ஆசிரியை கொடுத்தவை. சிறுமியின் சொல் அன்று. பத்து வயதுப் பிள்ளை மரணத்தைப் பற்றியும் உலகின் நிலையாமையைப் பற்றியும் நீதி வாசகம் தைக்கிறாள். அவள் தோழியோடு சண்டையிட்டாளா, வீட்டை நினைத்து அழுதாளா, ஊசி குத்திய விரல் வலித்ததா என்பவற்றில் ஒரு சொல்லும் துணியில் இல்லை. கீழ்ப்படிதலைப் பழக்கவே இப்பயிற்சி என்று கடிந்து எழுதிய ஆய்வாளரும் உண்டு. அக்கடிதலில் உண்மை இருக்கிறது. தலை குனிந்து, வாய் பேசாது, மணிக்கணக்கில் உட்காரப் பழக்குவது எல்லா நாட்டிலும் பெண்பிள்ளைகளுக்கு விதித்த பாடந்தானே?

ஆயினும் துணியின் கீழ்ப்புறத்தில் ஒரு வரி இருக்கும். தைத்தவளின் பெயர், சில துணிகளில் வயது, பள்ளியின் பெயர், ஆண்டு ஆகியவை அதில் அடங்கும். கோலங்களுக்குள் இரண்டிரண்டாகக் காணப்படும் எழுத்துகளோ பலவேளை தோழியர், உடன்பிறந்தார், ஆசிரியையர் ஆகியோரின் பெயர்களின் முதலெழுத்துகள். செய்யுள் இரவல், பெயர் இரவல் அன்று. இந்த ஒரு வரியைக் கொண்டு பின்வந்த ஆய்வாளர்கள் பள்ளிப் பதிவேடுகளையும் சபைப் பதிவேடுகளையும் தேடி, இன்னாள் இன்னாரின் மகள், இந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்தாள், இந்த ஆண்டு மணந்தாள் என்று கண்டறிந்திருக்கிறார்கள். அமெரிக்கத் துணிகளைப் பற்றி பெட்டி ரிங் 1993-இலும், ஆக்வொர்த் துணிகளைப் பற்றி கரோல் ஹம்ஃப்ரி 2006-இலும் தனி நூல்களே வெளியிட்டனர்.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இம்முறை புதிதன்று. அறிவிப்பாளர் பெயர்களின் தொடராகிய இஸ்னாத் இல்லாமல் ஒரு செய்தியையும் நம் முன்னோர் ஏற்றதில்லை. இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்று பெயர் பெயராகச் சொல்லவேண்டும். அப்பெயர் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயவேண்டும். இதற்கென 'அஸ்மாவுர் ரிஜால்' என்னும் தனிக்கலையை வளர்த்த சமுதாயம் நாம். இப்னு ஸஅத் தம் 'தபகாத்' நூலின் இறுதிப் பாகத்தைப் பெண்மணிகளுக்கே ஒதுக்கினார். ஆக்வொர்த் சிறுமி தன் பெயரோடு ஆசிரியையின் பெயரெழுத்தையும் தோழியின் பெயரெழுத்தையும் தைத்து வைத்ததைப் பார்க்கையில், அவள் தன் கல்விக்கு ஓர் இஸ்னாத் எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. பெயர்களால் கல்வியைக் காத்த நாம், நம் பெண்களின் கைவேலையைப் பெயரின்றி ஏற்றுக்கொண்டது எவ்வாறு?

"பெயர் போடுவது ரியா ஆகாதா? அமலை மறைத்துச் செய்வதன்றோ சிறப்பு?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். இதற்குக் குவேக்கர்களே ஒரு விடை தருகிறார்கள். முகத்துதியையும் ஆடம்பரத்தையும் அவர்களைப்போல் வெறுத்தவர் குறைவு. இறந்தோர் புதைகுழிமேல் பெயர்க்கல் நாட்டுவதையும் நெடுங்காலம் தவிர்த்தனர். 1850-இல்தான் எளிய கற்களை இங்கிலாந்துக் குவேக்கர் ஏற்றனர். கப்ருகளின்மீது எழுதுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற அறிவிப்பை ஓதியுள்ள நமக்கு இது வியப்பளிக்காது. மண்ணுக்குள் போனவர்க்குப் பெயர்க்கல் வேண்டா என்ற அதே மக்கள், வேலை செய்த சிறுமி தன் பெயரைத் துணியில் எழுதட்டும் என்றனர். புகழுக்காகப் பெயரைப் பொறிப்பது வேறு. இது என் கைவேலை, இதன் நேர்த்திக்கும் பிழைக்கும் நானே பொறுப்பு என்று சாட்சி சொல்வது வேறு. சாட்சியில் பெயரை மறைப்பது அடக்கம் ஆகாது.

குவேக்கர் அல்லாத ஒரு பெண்ணின் துணியையும் இங்கே சொல்லவேண்டும். இங்கிலாந்தின் ஸஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பார்க்கர், ஏழைக் குடும்பத்தில் பிறந்து இளம்பருவத்திலேயே வீட்டு வேலைக்குப் போனவள். 1830-ஐ ஒட்டி அவள் தைத்த துணியில் கோலம் ஒன்றும் இல்லை. செந்நிற நூலால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தைத்திருக்கிறாள். தன்னால் எழுத இயலாது என்று சொல்லித் தொடங்குகிறாள்! வேலைக்கு வைத்தவர்கள் செய்த கொடுமையையும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதையும், அதற்காக இறைவனிடம் அஞ்சுவதையும் இழை இழையாகச் சொல்லி, தன் ஆன்மாவின் கதி என்னவாகும் என்ற வினாவில் வாக்கியம் முடியாமலேயே நிறுத்திவிடுகிறாள். கீழே வெறுந்துணி. பின்னாளில் அவள் ஆசிரியையாக நெடுநாள் வாழ்ந்தாள் என்பது ஆறுதல். அத்துணி இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைப் படித்தபின், ஊசி வேறு எழுத்து வேறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தமிழகத்துக்குத் திரும்புவோம். ஐரோப்பிய ஊசிக்கல்வி நம் நாட்டில் வேரூன்றிய இடங்களுள் நாகர்கோவில் முதன்மையானது. 1819-இல் லண்டன் மிஷன் சார்பில் அங்கு வந்த சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா அம்மையார், பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். அடிமைப்பட்டிருந்த குடும்பங்களின் பெண்கள் சிலர், அப்பின்னலில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர் என்பது அப்பகுதி வரலாறு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அரசின் ஆணைக்கு முன்பே நூலும் ஊசியும் சில பெண்களை விடுவித்திருக்கின்றன. மார்த்தாவின் மகள் எலிசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் லேஸ் கல்வியைத் தொடர்ந்தார். கணவர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அறியாத தமிழாசிரியர் இல்லை. மனைவியின் பெயரைச் சிலர் அறிவர். தம் விடுதலைக்காகப் பின்னிய பெண்களின் பெயர்கள்? லேஸில் எழுத்து இல்லை. வெண்ணிறப் பின்னல் கடல் கடந்து போயிற்று. பின்னியவள் யாரென்று சொல்ல அதில் இடமில்லாமல் போயிற்று.

நான் வாழும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. அங்கே நம் பெண்கள் பனையோலையை வகிர்ந்து சாயமேற்றிப் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். மூடியும் அடியும் பொருந்தும் அந்தப் பெட்டியின் அழகு சொல்லி முடியாதது. பனையோலை என்பது நம் முன்னோர் எழுதிய ஏடும் அன்றோ? எழுத்தாணி பட்ட ஓலை நூலகத்தில் இருக்கிறது, எழுதியவர் பெயரோடு. விரல் பட்ட ஓலை கடைத்தெருவில் இருக்கிறது, விலைச்சீட்டோடு. அதே ஊரில் டச்சுக்காரர்களின் 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் உள்ளன. கல்லில் பெயரும் ஆண்டும் செதுக்கி வைத்துப் போயிருக்கிறார்கள். பழவேற்காட்டின் பெயரே வண்ணக் கைக்குட்டைத் துணிக்குப் பெயராகி ஆங்கில அகராதி வரை சென்றது. பெயர் போனது ஊருக்கு, உழைத்தவர்க்கு இல்லை.

இவ்வளவும் எழுதும் எனக்கு ஒரு கடனும் உண்டு. இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒரு கூட்டத்தில் பெண்கல்வி பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். பெண்களுக்கு எழுத்தைக் கற்பிக்காதீர்கள், நூல் நூற்பதையும் சூரத்துன் நூரையும் கற்பியுங்கள் என்ற பொருளில் வரும் ஓர் அறிவிப்பை அங்கே எடுத்தோதினேன். மேடையை விட்டு இறங்கியதும் ஒரு தகப்பனார் வந்து கையைப் பற்றி, "ஹஜ்ரத், நல்ல நேரத்தில் சொன்னீர்கள்" என்றார். ஒன்பதாம் வகுப்பில் முதல் மாணவியாக இருந்த அவர் மகள் மறுவாரம் பள்ளியை விட்டு நின்றாள். வீட்டில் ஒரு தையல் எந்திரம் வாங்கிப் போட்டார்கள்.

அந்த அறிவிப்பு ஹாகிம் தொகுத்த 'முஸ்தத்ரக்' நூலில் இருக்கிறது. அதன் கீழேயே இமாம் தஹபீ (இறப்பு ஹிஜ்ரி 748) அது இட்டுக்கட்டப்பட்டது என்றும், அதன் தொடரில் பொய்யர் எனப்பட்ட ஒருவர் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். இப்னுல் ஜவ்ஸீ (இறப்பு ஹிஜ்ரி 597) இட்டுக்கட்டப்பட்டவற்றைத் தொகுத்த தம் நூலிலேயே இதைச் சேர்த்தார். மாறாக, அபூதாவூதில் வரும் அறிவிப்பு என்ன சொல்கிறது? ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை நோக்கி, அன்னை ஹஃப்ஸாவுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததைப்போல் ஓதிப்பார்க்கும் மருத்துவத்தையும் கற்றுக்கொடுக்கலாகாதா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பெண்ணுக்கு எழுத்தைக் கற்பித்தவரும் ஒரு பெண். அதை ஒப்பியவர்கள் நபியவர்கள். பெண்களுக்கு எழுத்துக் கற்பித்தல் கூடும் என்பதற்கென்றே இந்திய அறிஞர் ஷம்ஸுல் ஹக் அளீமாபாதீ ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். இவை எல்லாம் நூலகத்தில் இருந்தன. கூட்டத்துக்கு முன் நான் புரட்டிப் பார்க்கவில்லை. இஸ்னாதைப் பார்க்காமல் மேடையேறியவன் நான்.

அந்தப் பொய்யான அறிவிப்பு செய்த பெருந்தீங்கு, கலத்தையும் கதிரையும் எதிரெதிரே நிறுத்தியதுதான். நம் வரலாறோ அவ்விரண்டையும் சேர்த்தே காட்டுகிறது. பக்தாதில் ஹிஜ்ரி 574-இல் மறைந்த ஷுஹ்தா அம்மையார் பெரும் ஹதீஸ் ஆசிரியை. அழகிய கையெழுத்தால் 'அல்காதிபா', அதாவது எழுத்தர் என்றே பெயர் பெற்றவர். அவர் தந்தையின் குடிப்பெயர் அல்இபரீ. 'இப்ரா' என்றால் ஊசி. ஊசித் தொழிலின் பெயரைத் தாங்கிய குடும்பம் எழுத்தின் பெயரைத் தாங்கிய மகளைத் தந்தது. தமிழகத்திலும் அரபுத்தமிழ் என்னும் அர்வீ எழுத்து, பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார்க்கு மார்க்க நூல்களைத் திறந்து வைத்தது. கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா ஞானப்பாடல்கள் இயற்றினார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை வெளியிட்டார். இவர்கள் கைகளும் துணி தைக்க அறியாதவையாக இருந்திரா.

தையலைக் கற்பித்தது பிழையன்று. தையலோடு நிறுத்தியதுதான் பிழை. குவேக்கர் பள்ளிகள் ஊசியோடு நிறுத்தவில்லை. நியூயார்க் பகுதியின் நைன் பார்ட்னர்ஸ் என்னும் குவேக்கர் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியையான லுக்ரீஷியா மாட் (1793–1880), ஆண் ஆசிரியருக்கும் பெண் ஆசிரியைக்கும் சம்பளத்தில் இருந்த வேற்றுமையைக் கண்டு மனம் கொதித்தார். பின்னாளில் அடிமை ஒழிப்புக்காக மேடையேறினார். 1848-இல் செனிகா ஃபால்ஸ் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரானார். ஊசியை எழுத்தாகக் கற்பித்த கல்விக்கும் எழுத்துக்கு மாற்றாக ஊசியைத் தள்ளிவிடும் ஏற்பாட்டுக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

திருநின்றவூர் நிலையத்தில் காலை மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்களுள் தையல் வேலைக்குப் போகிறவர்களை நாள்தோறும் காண்கிறேன். பக்கத்து ஆவடியில் 1961 முதல் படைவீரர்க்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. சீருடையின் மார்பில் வீரரின் பெயர் இருக்கும். அதில் தைத்தவர் பெயரையும் எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆலைத் தையல் பல கைகளின் வேலை. ஆனால் ஒரே கை வாரக்கணக்கில் உழைத்துத் தரும் திருமணப் பாயில், மணமக்கள் பெயருக்குக் கீழே, ஓரத்தில், நெய்தவளின் பெயருக்கு ஒரு விரற்கடை இடம் இருக்கிறது. பாய்க்குச் சொல்லி அனுப்பும் குடும்பத்தார் அதையும் சேர்த்துக் கேட்டால் போதும். கூலியும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கவேண்டும். பழவேற்காட்டுப் பெட்டியின் உள்மூடியில் ஒரு பெயர் எழுதி வைப்பதால் பெட்டியின் அழகு குறையாது.

வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. நம் தாய்மார் தைத்த தலையணை உறைகளும், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் கஅபாவின் பூத்தையலும் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் பின்புறத்தில் தைத்தவர் பெயர், அவர் தாயார் பெயர், தைக்கக் கற்றுக்கொடுத்தவர் பெயர், தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றை இன்றே எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும்.

நிக்காஹ் முடிந்த மறுநாள் பாயை அனுப்பியவரிடம் தொலைபேசியில் பேசி, நெய்தவர் பெயரைக் கேட்டுப் பெற்றேன். என் தம்பி மகள் சிவப்பு நூல் எடுத்து வந்தாள். பாயின் மறுபுறத்தில் ஒரு சிறு துணித்துண்டை வைத்து, அதில் அந்தப் பெயரைத் தைத்தாள். மூன்றாம் எழுத்தில் ஒரு கொம்பு தவறிவிட்டது. பிரித்துத் திரும்பத் தைத்தாள். தன் பெயரின் முதலெழுத்தையும் கீழே போடலாமா என்று என்னைக் கேட்டாள். போடச் சொன்னேன்.

பள்ளியை விட்டு நின்ற அந்த மாணவிக்கு இப்போது நாற்பது வயது கடந்திருக்கும். அவளுக்குப் பேத்தி பிறந்திருந்தால், அப்பிள்ளையின் கையில் ஊசியும் எழுதுகோலும் ஒருங்கே இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. என் பிழையையும் மன்னிப்பானாக. ஆமீன்.